சொந்தக்காரப் பையனா, வேலை தெரிந்த பையனா? சின்னப் பட்டறையில் திறமை பார்த்து ஆள் எடுப்பது எப்படி

நாட்டின் போட்டித்திறன் என்று பேச்சு எடுத்தால் துறைமுகம், மின்கட்டணம், வங்கி வட்டி, சீனாக்காரன் விலை என்றுதான் பேச்சு போகும். எல்லாம் உண்மைதான். ஆனால் கோயம்புத்தூரில் 22 பேரை வைத்து மெஷினிங் பட்டறை நடத்துகிற எனக்குத் தெரிந்தது இது: கேட்ட பாகத்தை, கேட்ட அளவில், சொன்ன தேதியில் கொடுக்க முடிகிறதா என்பதெல்லாம் கடைசியில் மெஷின் முன்னால் யார் நிற்கிறார் என்பதில் வந்து நிற்கிறது. அங்கே யாரை நிறுத்துவது என்பதை எந்த அமைச்சரும் முடிவு செய்வதில்லை. நானும் உங்களைப் போன்ற சின்ன முதலாளிகளும்தான் முடிவு செய்கிறோம், அதைப் பெரும்பாலும் தப்பாகச் செய்கிறோம்.

2008 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் மும்பைக்குப் பக்கத்தில் 17 நெசவு நிறுவனங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். சில ஆலைகளுக்கு ஆலோசகர்களை அனுப்பி, குறைப் பதிவேடு, மெஷின் பராமரிப்பு, நூல் இருப்புக் கணக்கு, நன்றாக வேலை செய்பவருக்கு ஊக்கத்தொகை என்று சாதாரண விஷயங்களைப் பழக்கினார்கள். முதல் வருடத்திலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. அதைவிட என்னை உறுத்தியது இன்னொரு கண்டுபிடிப்பு. ஒரு நிறுவனம் எத்தனை ஆலை வரை வளரும் என்பதை அது எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதைவிட, முதலாளி வீட்டில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானித்தது. வெளியாளை நம்பிச் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை, அதனால் அண்ணன் தம்பி தீர்ந்ததும் வளர்ச்சியும் தீர்ந்துபோனது. இதைப் படித்தபோது எங்கள் தெருவில் இருக்கும் பத்துப் பட்டறைகளும் கண் முன்னால் வந்தன, என்னுடையதும் சேர்த்துத்தான்.

நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியில் 1990களின் நடுவிலிருந்து உற்பத்தித்திறன் கிட்டத்தட்ட நின்றே போனது. பெல்லெக்ரினோ, சிங்காலெஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் காரணம் தேடிப் போய், திறமையைப் பார்க்காமல் விசுவாசத்தையும் உறவையும் பார்த்து மேலாளர்களை வைத்ததால், கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற நாடுகள் எடுத்துக்கொண்ட பலனை இத்தாலிய நிறுவனங்களால் எடுக்க முடியவில்லை என்று காட்டினார்கள். தோல், துணி, மெஷின் எல்லாவற்றிலும் பேர் வாங்கிய நாடு அது.

சரி, நம் பட்டறைக்கு வருவோம். கீழே எழுதியிருப்பது நான் பல வருடமாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்ட முறை. லேத் (கடைசல் மெஷின்), சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டுகிற மெஷின்) வைத்துச் சொல்கிறேன். தையல் யூனிட்டோ, அச்சகமோ, ஓட்டல் சமையலறையோ நடத்துகிறவர்கள் அவரவர் வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஆளை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள்

ஆள் வேண்டும் என்று தோன்றியதும் நாம் செய்கிற முதல் காரியம், தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டு "ஒரு நல்ல பையன் இருந்தாச் சொல்லுங்க" என்பதுதான். நல்ல பையன் என்றால் என்ன என்று நமக்கே தெரியாது. போன் பண்ணுவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இந்த இடத்தில் நிற்பவர் முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும், ஆறாம் மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். டிராயிங் படிக்கணும், மைக்ரோமீட்டர் பிடிக்கணும், இன்செர்ட் (வெட்டுமுனை) தேய்ந்தால் கண்டுபிடிக்கணும், ஆஃப்செட் (மெஷினில் போடுகிற அளவுத் திருத்தம்) மாற்றணும். அவ்வளவுதான், ஐந்தாறு வரி. அனுபவம் ஐந்து வருடம் வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரே பாகத்தை ஐந்து வருடம் ஓட்டியவரும் இருக்கிறார், ஒரே வருடத்தில் முப்பது விதமான பாகங்களைப் பார்த்தவரும் இருக்கிறார். வருடக்கணக்கு இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டாது.

இந்தத் தாளை எழுதாமல் இறங்கினால் வருகிற ஆளைப் பார்த்துப் பிடித்துப்போய், அவருக்கு ஏற்ற மாதிரி வேலையை மனதுக்குள் வளைத்துக்கொள்வோம். எனக்கு அப்படி ஆகியிருக்கிறது, அதைப் பிற்பாடு சொல்கிறேன்.

சேதி எல்லாருக்கும் போகட்டும்

வாய்வழிச் சேதி போகிற பாதை ஒன்றுதான்: நம் சொந்தம், சொந்தத்தின் சொந்தம், ஒரே ஊர், ஒரே சாதி. நாம் வேண்டுமென்றே யாரையும் ஒதுக்காவிட்டாலும் சேதி அந்த வட்டத்தைத் தாண்டாது. அதனால் பட்டறை வாசலில் ஒரு போர்டு, பக்கத்து ஐடிஐக்கு ஒரு கடிதம், பாலிடெக்னிக் பிளேஸ்மெண்ட் ஆளுக்கு ஒரு போன், தமிழோடு இந்தியிலும் ஒரு வாட்ஸ்அப் சேதி என்று எல்லாப் பக்கமும் அனுப்புங்கள். ஒரு நாள் வேலை, செலவு ஒன்றும் இல்லை.

அப்ரண்டிஸ் திட்டத்தையும் பாருங்கள். 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரண்டிஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம், 4 முதல் 29 பேர் வரை இருந்தால் நம் விருப்பம். உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு தருகிற திட்டம் ஒன்று 2016 முதல் இருக்கிறது. பணத்தைவிட முக்கியமாக, ஒரு பையனையோ பெண்ணையோ மாதக்கணக்கில் கிட்ட இருந்து பார்க்க அது வழி செய்கிறது, அதைவிட நல்ல இண்டர்வியூ கிடையாது. ஜெர்மனியில் மெஷின் தொழிலுக்கு வருகிறவர் மூன்று, மூன்றரை வருடம் இப்படித்தான் கற்கிறார், பெரும்பகுதி நேரம் கம்பெனியில், மீதி நேரம் தொழிற்பள்ளியில். கடைசிப் பரீட்சையை முதலாளி தனியாகவும் நடத்துவதில்லை, பள்ளி தனியாகவும் நடத்துவதில்லை. தொழில் வர்த்தக சபையின் தேர்வுக் குழு நடத்துகிறது. அதனால்தான் அந்தச் சான்றிதழை அந்த நாட்டில் எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் மதிக்கிறார்கள்.

சொந்தக்காரர் சிபாரிசு வந்தால் என்ன செய்வது? மறுக்க முடியாது, எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி முடியாது என்று யார் சொல்வது. நான் சொல்வது ஒரே பதில்: "தாராளமா வரச் சொல்லுங்க பெரியப்பா, சனிக்கிழமை எல்லாருக்கும் டெஸ்ட் இருக்குது, தம்பியும் வந்து செய்யட்டும்." கதவு திறந்திருக்கிறது, ஆனால் எல்லாரும் வருகிற அதே கதவு. இரண்டு வருடம் இதை விடாமல் சொன்னால் சொந்தக்காரர்களுக்குப் பழகிவிடும். தேறி வந்த சொந்தக்காரப் பையனுக்கும் அது மரியாதை, ஏனென்றால் அவனை யாரும் சிபாரிசு ஆள் என்று சொல்ல முடியாது.

கம்பியைக் கையில் கொடுங்கள்

பேச்சை வைத்து ஆள் எடுப்பதுதான் நம் பட்டறைகளின் பெரிய நோய். நன்றாகப் பேசுகிறவர் எல்லாருக்கும் வேலை தெரியாது, வேலை தெரிந்த பலருக்குப் பேச வராது. ஆட்தேர்வைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: வேலையின் ஒரு துண்டைச் செய்ய வைத்துப் பார்ப்பதும், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்பதும், அனுபவ வருடத்தை எண்ணுவதைவிட நன்றாகவே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

என் பட்டறையில் லேத் ஆளுக்கு வைக்கிற டெஸ்ட் இதுதான். 25 மில்லிமீட்டர் இஎன்8 எஃகு ராடு ஒன்று, ஒரு டிராயிங், இரண்டு மணி நேரம். ஒரு முனையில் 20 மில்லி விட்டம், h7 டாலரன்ஸ் (அனுமதிக்கிற அளவு விலகல்). அதாவது 20.000க்கும் 19.979க்கும் நடுவில் நிற்க வேண்டும், இடைவெளி 21 மைக்ரான். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி இல்லாமல் டெஸ்ட் வைக்காதீர்கள், ஒரு நாள் கூலியைக் கையில் கொடுங்கள். இருக்கிற வேலையை ஒரு நாள் விட்டுவிட்டு வருகிறவருக்கு அது பெரிய தொகை, அதைக் கொடுக்காவிட்டால் வீட்டில் வசதி உள்ளவர் மட்டும்தான் உங்கள் டெஸ்டுக்கு வருவார்.

நான் தள்ளி நின்று கையைத்தான் பார்ப்பேன். ஒருமுறை ஐந்து பேர் வந்தார்கள். டிப்ளமோ முடித்த ஒருவர் மளமளவென்று ஓட்டி ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ராடைப் பிடித்திருக்கிற சக்கிலிருந்து கழற்றாமலேயே அளந்து 19.985 என்று சந்தோஷமாகக் காட்டினார். இன்னொரு பையன், ஜார்க்கண்டிலிருந்து வந்தவன், எங்கள் பக்கத்துப் பட்டறையில் ஹெல்பராக இருந்தவன், மைக்ரோமீட்டரை எடுத்ததும் இரண்டு முகத்தையும் வேஸ்ட் துணியால் துடைத்தான், மூடிப் பார்த்துச் சைபர் வருகிறதா என்று பார்த்தான். கடைசி வெட்டுக்கு முன்னால் ராடைத் தொட்டுப் பார்த்தான், சூடாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். எனக்கு மயிர் சிலிர்த்தது. இரும்பு சூடானால் விரியும், 20 மில்லி விட்டத்தில் 30 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 7 மைக்ரான் கூடக் காட்டும். டிப்ளமோக்காரர் சூட்டோடு அளந்த 19.985, ஆறியதும் 19.978 ஆனது. ரிஜெக்ட். அந்தப் பையனுடையது 19.990ல் நின்றது.

அவனுக்குத் தமிழ் அரைகுறை, சான்றிதழ் ஒன்றும் கிடையாது. பேசிப் பார்த்து எடுத்திருந்தால் அவன் முதல் சுற்றிலேயே போயிருப்பான். நம் ஊரில் வடக்கிலிருந்து வருகிற பையன்களை ஹெல்பர் என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம். அந்தப் பெட்டிக்குள் எத்தனை டர்னர், எத்தனை வெல்டர் இருக்கிறார்கள் என்று நாம் திறந்தே பார்த்ததில்லை.

இன்னும் ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள். செய்து முடித்த பாகங்களுக்கு எண் மட்டும் போட்டு, யாருடையது எது என்று தெரியாத ஒருவரிடம் அளக்கக் கொடுங்கள். நானே அளந்தபோது எனக்குப் பிடித்த பையனின் பாகத்தை இரண்டு முறை அளந்தேன், மற்றவர்களுடையதை ஒரு முறைதான் அளந்தேன். அளந்து முடித்த பிறகுதான் அது எனக்கே உறைத்தது.

கேட்கக் கூடாத கேள்வி

கொங்குப் பக்கம் மட்டும் இல்லை, எங்கேயும் இண்டர்வியூ இப்படித்தான் ஆரம்பிக்கும்: "தம்பி எந்த ஊரு? ஊருக்குள்ள எந்தப் பக்கம்? உங்க அப்பா பேர் என்ன?" அன்பாகக் கேட்பது போல இருக்கும். அந்தக் கேள்வி எங்கே போய் முடிகிறது என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். அதை விட்டுவிடுங்கள். வேலையைப் பற்றி மட்டும் ஐந்து கேள்வி எழுதி வைத்து எல்லாரிடமும் அதையே கேளுங்கள். "வேலை கெட்டுப்போன ஒரு நாளைச் சொல்லுங்க, என்ன பண்ணினீங்க?" என்பது என்னுடைய முதல் கேள்வி. பழியை யார் மேல் போடுகிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தோரட், அட்டவெல் என்ற ஆய்வாளர்கள் 2005, 2006 வாக்கில் இந்திய செய்தித்தாள்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் பதில் குறைவாக வந்தது. படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. "தகுதி, திறமை" என்ற இரண்டு வார்த்தைகளை நம் நாட்டில் பெரும்பாலும் இட ஒதுக்கீட்டுக்கு எதிராகத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள், திறமை என்பது சில வீடுகளில் மட்டும் பிறக்கிற மாதிரி. நான் திறமை என்று சொல்வது அதற்கு நேர்மாறானது. அது எல்லா வீட்டிலும் இருக்கிறது, தேடிப் போகாததால் நமக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1960ல் டாக்டர்கள், வக்கீல்களில் 94 சதவீதம் வெள்ளை ஆண்கள். 2010ல் அது 62 சதவீதமாக இறங்கியது. பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் அடைத்திருந்த கதவுகள் திறந்ததால்தான் அந்த ஐம்பது வருடத்தில் ஆள்வீத உற்பத்தி வளர்ச்சியில் 20 முதல் 40 சதவீதம் வந்தது என்று அந்த நாட்டுப் பொருளாதார அறிஞர்கள் நாலு பேர் கணக்குப் போட்டார்கள். நம் ரயில்வேயையே அஸ்வினி தேஷ்பாண்டே, வைஸ்கோப் இருவரும் 1980 முதல் 2002 வரையான கணக்கோடு ஆராய்ந்தார்கள். பட்டியலினத்தவர், பழங்குடியினர் கூடுதலாக வேலை பார்த்ததால் உற்பத்தித்திறன் எங்கேயும் குறைந்ததற்கு ஆதாரமே இல்லை. 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிற தமிழ்நாட்டில்தான் நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் இந்த ஒரு மாநிலத்தில்தான். வாசல் அகலமானதால் வேலை கெட்டுப்போகவில்லை.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஜி. டி. நாயுடுவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், பைக் வாங்கப் பணம் சேர்க்க ஓட்டலில் சர்வராக இருந்தவர், 1937ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உருவாவதற்குக் காரணமாக இருந்தவர். நாம் இன்றைக்கு வைத்திருக்கிற விண்ணப்பப் படிவத்தோடு அவர் வந்திருந்தால் படிப்பு என்ற கட்டத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பியிருப்போம்.

உள்ளே வந்த பிறகு

ஆள் எடுப்பதோடு வேலை முடியவில்லை. யார் மேலே வருகிறார் என்பதில்தான் பாதிப் பட்டறைகள் சறுக்குகின்றன. சுவரில் ஒரு திறன் அட்டவணை மாட்டுங்கள், ஆட்டோமொபைல் கம்பெனிகளுக்கு வேலை செய்கிற பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் பெயர்கள், மேலே வேலைகள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம். கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால் கால் வட்டம், கூட ஆள் இருந்தால் செய்வார் என்றால் அரை, தனியாகச் செய்வார் என்றால் முக்கால், மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பார் என்றால் முழு வட்டம். எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருக்கட்டும், ஆபீஸ் பீரோவுக்குள் வேண்டாம். சம்பள உயர்வை அந்த வட்டங்களோடு கட்டுங்கள், முழு வட்டத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். முதலாளிக்கு டீ வாங்கிக் கொடுத்தால் சம்பளம் கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டத்தைத் திருத்துங்கள், திருத்தும்போது அந்த ஆளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சூப்பர்வைசர் விஷயம். நல்ல ஆபரேட்டர்தான் நல்ல சூப்பர்வைசர் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, அதிகம் விற்றவரைத் தூக்கி மேலாளர் ஆக்கினால் அவருக்குக் கீழே இருப்பவர்களின் விற்பனை குறைந்துபோவதைப் பார்த்தார்கள். மேற்பார்வை என்பது தனி வேலை, அதற்குத் தனி டெஸ்ட் வையுங்கள்: ஒரு புது ஆளை ஒப்படைத்து ஒரு வாரத்தில் ஒரு வேலையைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், பிறகு புது ஆளின் பாகத்தை அளங்கள். நல்ல கை உள்ளவருக்கு மேற்பார்வை பிடிக்கவில்லை என்றால் மெஷினிலேயே இருந்தபடி அதே சம்பளம் வாங்குகிற வழியும் இருக்க வேண்டும்.

நான் சறுக்கியதும் இங்கேதான். தூரத்துச் சொந்தம் ஒருவரை, நம்பிக்கையான ஆள் என்பதற்காக, இரவு ஷிஃப்டுக்குச் சூப்பர்வைசராகப் போட்டேன். கெட்டவர் இல்லை, பணத்தில் கை வைக்க மாட்டார். ஆனால் டிராயிங் படிக்கத் தெரியாது, தெரியாது என்று கேட்கவும் கூச்சம். ஒரு இரவு துளையின் அளவு தப்பிப்போய் 340 பாகங்கள் ஓடிவிட்டன. கவனித்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார், "அண்ணா, இது கூடுதலா இருக்குது" என்று சொல்லியும் இருக்கிறார், அவர் பேச்சு எடுபடவில்லை. லாட் முழுவதும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. இரும்பு நஷ்டத்தைச் சமாளித்துவிட்டேன். அந்த ஆபரேட்டர் இரண்டே மாதத்தில் வேலையை விட்டுப் போனார், அதை இன்றுவரை ஈடுகட்ட முடியவில்லை. மேலே போக வழி இல்லை என்று தெரிந்ததும் முதலில் கிளம்புவது வேலை தெரிந்தவர்தான், ஏனென்றால் அவருக்குத்தான் வேறு இடம் கிடைக்கும். நாட்டைவிட்டுப் பிள்ளைகள் கிளம்புவதும் இதே கணக்குத்தான்.

நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரக்கும் பணமும் கைமாறுகிற இடத்தில் நம்பிக்கை வேண்டும். அதற்கு ஸ்டோர் பதிவேடு, இரண்டு பேர் கையெழுத்து, மாதம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்தால் வெளியாளையும் நம்பலாம். அந்த ஏற்பாட்டைச் செய்யச் சோம்பல்பட்டுத்தான் மச்சினனை உட்கார வைக்கிறோம்.

என் பையன் பொறியியல் முடித்துவிட்டு வந்தான். அவனுக்கும் அதே 25 மில்லி ராடு, அதே இரண்டு மணி நேரம், பாகத்துக்கு எண் 4. முதல் தடவை தேறவில்லை, எல்லார் முன்னாலும்தான். ஆறு மாதம் லேத்தில் நின்றான், ஜார்க்கண்ட் பையன்தான் சொல்லிக் கொடுத்தான், இரண்டாவது தடவை தேறினான். வீட்டில் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். பட்டறையில் அவன் பேச்சுக்கு இப்போது மதிப்பு இருக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை யாருமே செய்வதில்லை. தேறாதவரைச் "சொல்லி அனுப்புறோம் தம்பி" என்று அனுப்பிவிடாதீர்கள். அவர் செய்த பாகத்தையும் அளவுத் தாளையும் கையில் கொடுத்து, எந்த அளவு தப்பியது, ஏன் தப்பியது என்று பத்து நிமிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அந்த டிப்ளமோக்காரரிடம் சூட்டில் அளக்கக் கூடாது என்று ராடை வைத்துக்கொண்டு சொன்னேன். ஆறிய பாகத்தைத் தானே மறுபடி அளந்து பார்த்தார். அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டு போனார்.